யாரைப் பார்க்க வந்தார் மிஸ் ரோப்கே?

டோரீனின் மேசைமேல் இருந்த மஞ்சள் ஃபைலைத் தலைகீழாகப் படித்துவிட ஆரின் குசேரா பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார். தலையை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மேல்வரியில் ஒரு எழுத்து புலப்படுகிற மாதிரி இருந்தபோது, பள்ளி ஆபீஸ் டோரீன் பலகாரத் தட்டை நகர்த்தி ஃபைல்மேல் வைத்தாள்.

"கொலாச்சி. ஆப்ரிகாட் வச்சு சுட்டது. எடுத்துக்க, ஆரின்."

"பலகாரம் கெடக்கட்டும். ஒரே ஒரு பேரு சொல்லு. அந்த ரோப்கே அம்மா என் கிளாஸ்ல யாரைப் பாக்க வர்றாங்க?"

"சொன்னா என் வேலை போயிடும்."

"முதல் எழுத்து?"

"லாண்டனோட அம்மா நேத்து பூச்செடியோட வந்து கேட்டாங்க. அவங்களுக்கே சொல்லல. உனக்குச் சொல்லிடுவேனா?"

"பூச்செடிய மட்டும் வாங்கி வச்சுக்கிட்ட போல?"

"செடி என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் டோரீன்.

விஷயம் இதுதான். நெப்ராஸ்காவில் வெல்டன் என்கிற அந்தச் சின்ன ஊரில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் செப்டம்பரில் ஒரு பரீட்சை வைப்பார்கள். பாடத்திலிருந்து ஒரு கேள்வியும் வராது. கட்டம், வட்டம், அம்புக்குறி என்று வரிசையாகப் படம் போட்டு, அடுத்து என்ன வரும் என்று கேட்பார்கள். கூடவே கொஞ்சம் வார்த்தைக் கணக்கு. நூற்றுமுப்பது எடுத்த பிள்ளை தனித்திறன் உள்ள பிள்ளை. புதன்கிழமைதோறும் ஒரு குட்டி மஞ்சள் பஸ் வந்து அதைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போகும். அங்கே பாடப்புத்தகம் கிடையாது. ஐஸ் குச்சியில் பாலம் கட்டுவார்கள். கட்டிய பாலம் ஏன் ஒடிந்தது என்று சாயங்காலம் வரைக்கும் சண்டை போடுவார்கள். நூற்றிருபத்தொன்பது எடுத்த பிள்ளையோ, உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்.

குசேராவின் வகுப்பில் ரோசால்பா என்று ஒரு பெண். எடுத்தது நூற்றிருபத்தெட்டு.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. குவாதமாலாவிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் ஊருக்கு வெளியே மாட்டிறைச்சி ஆலையில் வேலை. வகுப்பில் அவள் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. ஆனால் போன மாதம் ஒருநாள், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, மேசைப் பக்கம் வந்து நின்று தரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"சார், கடிகாரத்துல பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணு மேல ஒண்ணு வரும்?"

"மணிக்கு ஒரு தடவை. அப்போ இருபத்தி நாலு."

"இருபத்தி ரெண்டுதான் வருது, சார். ஏன்னா பெரிய முள்ளு சின்ன முள்ளைப் பிடிக்கறதுக்குள்ள அதுவும் கொஞ்சம் ஓடிடுது."

குசேராவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முள்ளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இருபத்திரண்டுதான். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன்! மறுநாளே அவள் வீட்டுக்கு மேல்முறையீட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். வேலை முடிந்து காரிலிருந்து இறங்கிய அம்மா, காரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கடைசி நாளின் கடைசி நிமிஷத்தில் அதை மாவட்டக் கல்வி ஆபீஸில் போட்டுவிட்டு வந்தார். ஏற்றுக்கொண்டார்களா இல்லையா என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

லாண்டன் எடுத்தது நூற்றிருபத்தேழு. அவன் அப்பா ஊரில் டிராக்டர் விற்கிறவர். அவனுக்கும் மேல்முறையீடு போயிருந்தது. ஒன்றல்ல, மூன்று.

மேல்முறையீடு என்றால் மாவட்ட ஆபீஸிலிருந்து மிஸ் ரோப்கே நேரில் வந்து, அந்தப் பிள்ளை வகுப்பில் எப்படி யோசிக்கிறது, எப்படிப் பேசுகிறது என்று ஒரு காலைப்பொழுது பார்த்து எழுதுவார். பதினோரு பள்ளிக்கும் அவர் ஒருத்தர்தான். ஆகவே ஒரு வகுப்புக்கு வருஷத்தில் ஒரு பிள்ளை. எந்தப் பிள்ளை என்று வாத்தியாருக்குச் சொல்லமாட்டார்கள். சொன்னால் வாத்தியார் அந்தப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி வேடிக்கை காட்டிவிடுவார் என்று பயம். குசேரா விஷயத்தில் ரொம்ப நியாயமான பயம்.

இதில் இன்னொரு கூத்து, வந்த தேதி. நேற்று ராத்திரிதான் ஹாலோவீன். ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய்ப் பை நிறைய மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு வந்திருந்தன. மறுநாள் காலையில் எந்த வாத்தியாரும் பரீட்சைகூட வைக்கமாட்டார். மாவட்ட ஆபீஸ்காரர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

ஒன்பது மணிக்கு மிஸ் ரோப்கே வந்தார். நல்ல உயரம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய பேனா. எட்டு வயசுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முழங்கால் மூக்குக்கு நேராக வந்து நின்றது. அந்த முழங்காலில் நோட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். அவர் எழுதுகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று முன்னால் நிற்கிற ஆளுக்குத் தெரியவே வழியில்லை.

"வழக்கம்போல நடத்துங்க, மிஸ்டர் குசேரா. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்குங்க."

"நினைச்சுட்டேன், மேடம்."

"அப்ப என்னைப் பாக்காதீங்க."

குசேரா வெடுக்கென்று பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "இவங்க மிஸ் ரோப்கே. நாம சுவத்துல ஒட்டியிருக்கற படமெல்லாம் பாக்க வந்திருக்காங்க."

"இல்ல சார், என்னைப் பாக்க வந்திருக்காங்க" என்றான் லாண்டன். ஜன்னலோரம் முதல் வரிசை. கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு டை. "அம்மா சொன்னாங்க."

பூச்செடி பலித்துவிட்டதா?

"நிஜமாவா சார்?" என்று நடுவிலிருந்து ஒரு குரல். ஜெத்ரோ.

"எனக்குத் தெரியாதுடா."

"உங்களுக்கே தெரியாதா? அட!"

"உக்காரு. மொதல்ல ஷூ லேஸைக் கட்டு."

ஜெத்ரோவுக்குத் தினமும் சொல்ல வேண்டிய வாசகம் அது. உட்கார் என்றால் நிற்பான், நில் என்றால் டெஸ்க்குக்கு அடியில் இருப்பான். செப்டம்பரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாத்தியார் ஒரு படிவம் நிரப்பித் தரவேண்டும். இருபத்திரண்டு கேள்வி. 'சொந்தமாக வழி கண்டுபிடிப்பதுண்டா?', 'மற்ற பிள்ளைகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்குவதுண்டா?' என்கிற மாதிரி. எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. ஜெத்ரோவின் படிவத்தில் குசேரா ஒவ்வொன்றாக டிக் அடிக்கவில்லை. 'ஒருபோதும் இல்லை' என்ற இடத்தில் மேலேயிருந்து கீழே வரை ஒரே கோடாக இழுத்துவிட்டார்.

எழுத்துப் பாடம் ஆரம்பமானது. பலகை பக்கம் திரும்பி குசேரா நாலு வார்த்தை எழுதினார். ஜெத்ரோ எழுந்து பென்சில் சீவப் போனான். சீவுகிற இடம் பத்தடி தூரம். ஆனால் அவன் ஊர்வலம் மாதிரி ஒவ்வொரு டெஸ்க்காக நின்று நின்று போனான்.

"ஜெத்ரோ! பென்சில் சீவப் போறியா, தீர்த்த யாத்திரை போறியா?"

"சீவத்தான் சார்."

அவன் வந்து உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ஜன்னல் பக்கத்துப் பத்துப் பிள்ளைகளில், லாண்டனைத் தவிர மற்ற எல்லார் பென்சிலும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தது. சடசடவென்று ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி.

"என்னது இது?"

"கை வழுக்கிடுச்சு, சார்."

"ஒம்போது பேருக்குமா?"

"மிட்டாய் சார். கையெல்லாம் பிசுபிசுன்னு..."

பிசுபிசுத்தால் ஒட்டத்தானே வேண்டும், ஏன் வழுக்குகிறது என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் கதவுப் பக்கத்தில் தொப்தொப்பென்று புத்தகங்கள் தரையில் விழ ஆரம்பித்தன. அந்தப் பக்கத்தில் ரோசால்பா மட்டும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, விழுந்த புத்தகங்களை எடுத்து ஒவ்வொருத்தர் டெஸ்க்கிலும் வைத்தாள். எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்து, பெரியதைக் கீழே, சின்னதை மேலே என்று அடுக்கினாள்.

"சர்க்கரை, மேடம்" என்றார் குசேரா. "நேத்து ராத்திரி தின்ன சர்க்கரை."

"நான் இங்க இல்ல, மிஸ்டர் குசேரா."

அப்போதுதான் அவருக்கு ஒரு பெரிய விபரீதம் கண்ணில் பட்டது. ரோசால்பாவின் இடம் கதவோரம் கடைசி. அவளுக்கும் மிஸ் ரோப்கேக்கும் நடுவில் கோட்டு மாட்டுகிற ஸ்டாண்டு. இருபது குளிர்கோட்டு, இருபது தொப்பி, ஒரு சூனியக்காரி அங்கி. அந்த அம்மா உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் ரோசால்பாவின் ஒரு காதுகூடத் தெரியாது. லாண்டனோ ஜன்னல் வெளிச்சத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தான்.

"பசங்களா, இன்னைக்கு ஒரு சின்ன மாற்றம். லாண்டனும் ரோசால்பாவும் எடம் மாத்திக்குங்க."

"என்னை எதுக்கு சார் கோட்டுக்குப் பின்னாடி போடறீங்க?" என்று லாண்டன் அலறினான்.

அவனைவிடப் பெரிதாக அலறினான் ஜெத்ரோ. "ஐயோ சார்! இப்பப் போயா? யாரையும் மாத்தாதீங்க சார்!"

"உன்னை மாத்தலையே, உனக்கென்னடா வந்துது?"

ஜெத்ரோ திருதிருவென்று விழித்தான். "லாண்டன் டெஸ்க்குல என் மிட்டாய் இருக்கு, சார்."

"அது ரோசால்பா கையில பத்திரமா இருக்கும். எழுந்திரு லாண்டன்."

இரண்டு பேரும் மாறி உட்கார்ந்தார்கள். குசேரா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு பெருமையாக நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். மிஸ் ரோப்கே தன் குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டு ஸ்டாண்டைத் தாண்டி வந்து, கதவோரம் கடைசி டெஸ்க்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார். இந்த மாற்றத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே அவர் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. இப்போது அவர் மூக்குக்கு நேராக, ஒரு முழ தூரத்தில், லாண்டனின் பட்டாம்பூச்சி டை.

"ஹலோ மேடம்" என்றான் லாண்டன். "வீட்டுல நான் ஒரு ரோபோ செஞ்சு வச்சிருக்கேன்."

பாவம் குசேரா. தன் கையாலேயே பையனைக் கொண்டுபோய் அந்த அம்மா மடியில் உட்காரவைத்துவிட்டார்! மறுபடியும் மாற்றலாம் என்றால், ஒரு காலையில் இரண்டு தடவை மாற்றுகிற வாத்தியாரைப் பற்றி அந்த அம்மா என்ன எழுதுவார்?

ஜன்னல் பக்கம் மறுபடியும் பென்சில்கள் விழுந்தன. இந்தத் தடவை குசேரா திட்டக்கூட இல்லை. ஜெத்ரோவின் முகத்தில் மட்டும் காரணமில்லாமல் ஒரு சிரிப்பு. பிறகு அவனுக்கு மறுபடி பென்சில் மொண்ணையாகிவிட்டது. மறுபடி யாத்திரை. டெஸ்க்குக்கு டெஸ்க் குசுகுசுப்பு. லாண்டன் டெஸ்க்கையும் ரோசால்பா டெஸ்க்கையும் மட்டும் தாண்டிப் போனான். மிட்டாய் வியாபாரம் நடக்கிறது என்று குசேரா முடிவு கட்டினார்.

பத்தேகாலுக்கு அவர் பொறுமை இழந்தார். எழுத்துப் பாடத்தில் யார் மூளையும் வெளியே தெரியாது. கணக்குக்குப் போனார்.

"ரோசால்பா, அன்னிக்குக் கடிகாரத்தைப் பத்தி ஒண்ணு சொன்னியே, அதைக் கொஞ்சம் எல்லாருக்கும் சொல்லேன்."

ரோசால்பா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டல்.

"முள்ளு ரெண்டும்... ஒண்ணு மேல ஒண்ணு..."

மறுபடி அதே ஆட்டல்.

"சரி, எத்தனை தடவைன்னு மட்டும் சொல்லு, ரோசால்பா. இருபத்தி...?"

"மிஸ்டர் குசேரா" என்றது கதவோரக் குரல். "ஒரு நிமிஷம் வெளிய வர்றீங்களா?"

வெளியே வராந்தாவில் மிஸ் ரோப்கே குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"நீங்க ஒரு குழந்தையைத் தள்ளித் தள்ளி விடறீங்க. நான் பாக்க வந்தது தானா வர்றது. இன்னொரு தடவை நீங்க பேரு சொல்லி யாரையாவது கூப்பிட்டீங்கன்னா நான் நோட்டை மூடிட்டுப் போயிடுவேன். இந்த வருஷத்துக்கு உங்க கிளாஸுக்கு அவ்வளவுதான்."

"யாரைக் கூப்பிட்டாலுமா?"

"யாரைக் கூப்பிட்டாலும்."

"மேடம், அந்தப் பொண்ணுக்காகத்தான் வந்தீங்களான்னு மட்டும்..."

"நான் யாருக்காக வந்தேன்னு தெரிஞ்சா உங்களுக்கு நல்லா தூக்கம் வரும். ஆனா விதி விதிதான்."

குசேரா உள்ளே வந்தார். கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. கூப்பிடாவிட்டால் ரோசால்பா வாயைத் திறக்கமாட்டாள். கூப்பிட்டால் எல்லாமே போச்சு. அடுத்த வருஷம் நாலாம் வகுப்பு. அங்கே இந்த மேல்முறையீடெல்லாம் கிடையாது. அந்தப் பெண் இனி புதன்கிழமைகளிலும் வாய்ப்பாடு எழுதிக்கொண்டு, மீதி நேரத்துக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வகுப்பில் என்னவோ ஒரு அமைதி. எல்லாரும் நல்ல பிள்ளைகளாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஒரு கணக்கு" என்றார் சோர்ந்த குரலில். "யாரு வேணா சொல்லலாம். நம்ம கிளாஸ்ல இருபது பேரு. ஒவ்வொருத்தரும் மத்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு மிட்டாய் கொடுக்கறோம். மொத்தம் எத்தனை மிட்டாய்?"

மிட்டாய் கணக்கென்றால் இந்தக் கூட்டம் விடாது. பாதிப் பேராவது பக்கத்தில் வந்துவிடுவார்கள்.

"நானூறு!" என்றான் லாண்டன், கோட்டுகளுக்குப் பின்னாலிருந்து. "இருபது இருபது நானூறு!"

தப்புதான். ஆனாலும் மிஸ் ரோப்கேயின் காதுக்குள்ளேயே சொன்ன தப்பு. குசேராவுக்கு உயிர் போய் வந்தது. "வேற யாராவது?"

"இருபது" என்றாள் ஒருத்தி.

"எப்படி?"

"இருபது பேருக்கு இருபது மிட்டாய்."

நேற்று இதைவிடக் கஷ்டமான கணக்கை ஊதித் தள்ளிய பெண் அவள்.

"நாற்பது, சார்."

"ஏழு."

"ஏழா? ஏழு எங்கேர்ந்துடா வந்துது?"

"எனக்கு ஏழு பிடிக்கும், சார்."

"பத்து லட்சம்!"

"ஒண்ணுமே இருக்காது சார், எல்லாத்தையும் தின்னுருப்போம்!"

வகுப்பே சிரித்தது. குசேரா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவோரம் திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பிப் பார்க்கத் தைரியமும் இல்லை. இருபது பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூடக் கூட்டல் தெரியாத வகுப்பு என்று மாவட்ட ஆபீஸில் போய் எழுதி வைக்கப்போகிறார். மேல்முறையீடு பிள்ளைக்கா, வாத்தியாருக்கா என்று கேட்பார்கள்.

"இருபத்தொண்ணு" என்றான் ஜெத்ரோ, நிதானமாக. "ஏன்னா சாருக்கும் ஒண்ணு குடுக்கணும்ல. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். இதுதான் சரி. எல்லாரும் இதையே எழுதிக்குங்க."

"எழுதிக்கிட்டோம்" என்றது வகுப்பு. பென்சில்கள் நோட்டில் ஓடின.

"இல்ல!"

முதலில் யார் குரல் என்று குசேராவுக்கே தெரியவில்லை. ரோசால்பா எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்து, கை இரண்டும் முஷ்டியாக.

"எழுதாதீங்க! தப்பு! எல்லாமே தப்பு!" அவளே நடந்து வந்து குசேரா கையிலிருந்த மார்க்கர் பேனாவைப் பிடுங்கிப் பலகையில் வட்டம் போட ஆரம்பித்தாள். "யாரும் தனக்குத் தானே குடுத்துக்கமாட்டாங்க. அப்போ ஒருத்தருக்குப் பத்தொம்போதுதான். இருபது பத்தொம்போது. அதைப் போடறது கஷ்டம்னா, இருபது இருபதா வச்சுக்குங்க, நானூறு. லாண்டன் சொன்னான்ல, அது. ஆனா அதுல ஒவ்வொருத்தரும் தனக்கே குடுத்துக்கிட்ட ஒண்ணு இருக்கு. அந்த இருபதை எடுத்துடுங்க. முந்நூத்தி எம்பது!"

"மிட்டாய்க்குப் பதிலா கை குலுக்கினா?" என்று ஜெத்ரோ இழுத்தான். "அதுவும் முந்நூத்தி எம்பதுதானே?"

"இல்லவே இல்ல!" அவளுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. "நான் உன் கையைக் குலுக்கினா நீயும் என் கையைக் குலுக்கியாச்சு! ரெண்டுக்கும் ஒண்ணுதான். அப்போ பாதி. நூத்தித் தொண்ணூறு." பலகையில் எழுதினாள். எழுதிவிட்டு நின்று, அதையே உற்றுப் பார்த்தாள். "சார், அப்ப நாம இருபத்தொரு பேரா இருந்தா இன்னும் இருபது கூடும். இருபத்திரெண்டு பேருன்னா அதுக்கு மேல இருபத்தொண்ணு. இது இப்படியே போயிட்டே இருக்குமா?"

"போயிட்டே இருக்கும்மா" என்றார் குசேரா. அவர் கண் நிறைந்துவிட்டது.

பிறகுதான் ரோசால்பாவுக்குத் தான் நிற்கிற இடம் தெரிந்தது. பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்து டெஸ்க்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு மிஸ் ரோப்கே எழுந்தார். முழங்கால் இரண்டும் சொடக்குப் போட்டன. நோட்டை மூடிப் பையில் வைத்தார். குசேரா கதவு வரைக்கும் கூடவே போனார்.

"மேடம், என் கிளாஸ் எப்பவும் இப்படி இல்ல. நேத்து ஹாலோவீன். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நல்லாவே..."

"பாத்தேன்."

"எதைப் பாத்தீங்க?"

"பாக்க வேண்டியதை." மிஸ் ரோப்கே பையை மாட்டிக்கொண்டார். "நான்கு வாரத்துல தபால் வரும்." போய்விட்டார்.

நான்கு வாரமாம்! அதுவரை மனுஷன் எப்படித் தூங்குவது? பாக்க வேண்டியது என்றால் எது? கணக்கா? பட்டாம்பூச்சி டையா? லாண்டனுக்காக வந்திருந்தால் ரோசால்பா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அந்த நோட்டில் ஏறியிருக்காது. பூச்செடியை நினைத்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வரிசை கட்டி வெளியே போனார்கள். ரோசால்பாவைச் சுற்றி நாலு பேர் கை குலுக்கிக் குலுக்கி எண்ணிக்கொண்டே போனார்கள். கடைசியாக ஜெத்ரோ மட்டும் வாசலில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவன் தலையில் இறங்கியது.

"ஏண்டா, இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா இருக்கக் கூடாதா? பென்சிலப் போட்டு, புத்தகத்தப் போட்டு, ஏழுங்கறான் ஒருத்தன், பத்து லட்சங்கறான் ஒருத்தன்! அந்தம்மா யாருக்காக வந்தாங்கன்னே தெரியாம நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன்!"

"ரோசால்பாவுக்காகத்தான் சார்" என்றான் ஜெத்ரோ, நிமிராமலேயே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் பக்கம் பென்சில் போட்டோம், அவங்க பேனா ஓடல. கதவுப் பக்கம் புத்தகம் போட்டோம், ஓடிச்சு. அப்ப கதவுப் பக்கத்துல ஒரு ஆளு. அதுல பாதி, அதுல பாதின்னு போகலாம்னு இருந்தேன். நீங்க நடுவுல பூந்து ரெண்டு பேரை மாத்திட்டீங்க. சரி பாப்போம்னு மறுபடி ஜன்னல் பக்கம் பென்சில் போட்டா, லாண்டன் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அந்தம்மா ஜன்னல் பக்கம் பாத்து எழுதறாங்க. பேனா யாரு கூட வந்துது? ரோசால்பா கூடத்தானே வந்துது?"

குசேரா பக்கத்திலிருந்த குட்டி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அவ்வளவு தெரிஞ்சும்..." குரல் தழுதழுத்தது. "அவ்வளவு தெரிஞ்சும் ஏண்டா அந்த மிட்டாய்க் கணக்குல அத்தனை பேரும் தப்புத் தப்பா சொல்லி மானத்தை வாங்கினீங்க?"

ஜெத்ரோ லேஸை இறுக்கிவிட்டு எழுந்தான். வாத்தியாரைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது.

"லாண்டன் நிஜமாவே தப்பு சொன்னான் சார், நாங்க வேணும்னுதான் சொன்னோம். கூப்பிட்டா அவ பேசமாட்டான்னு உங்களுக்கு இன்னுமா தெரியல? நாங்க எல்லாரும் தப்பா எழுதினாத்தான் அவளுக்குத் தாங்காது!"